கரும்புத் தோட்டம் தந்த வீரர் இராபர்ட்டோ கிளெமெண்ட்டே



விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் பெற்ற வெற்றிகளையும் பரிசுகளையும் எண்ணிக் காட்டுவது வழக்கம். அவ்வெண்கள் வேண்டியவையே. ஆயினும், ஒரு மனிதர் எத்தகையவர் என்பதை எண்கள் முழுதும் கூறிவிடுவதில்லை. கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, உலகம் போற்றும் ஆட்டக்காரராய் உயர்ந்து, துன்புற்ற அயல்நாட்டு மக்களுக்கு உதவப் புறப்பட்ட வழியில், தம் 38ஆம் வயதில் உயிர் நீத்த ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் உங்கள்முன் வைக்கிறோம். அவர் பெயர் இராபர்ட்டோ கிளெமெண்ட்டே. இந்தப் பெயரை நன்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனைப் பிறர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்கே அவர் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது.

அவர் ஆடியது பேஸ்பால் என்னும் ஆட்டம். பள்ளித் திடலில் ஆடப்படும் ரவுண்டர்ஸ் ஆட்டத்தை மனத்தில் கொண்டால் இதனை எளிதில் அறிந்துகொள்ளலாம். அணிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிய, எதிரணியினர் ஒருவர் நீண்டு உருண்ட மட்டையால் அதனை அடிப்பார். அடித்தவர் நான்கு தளங்களையும் முறையாகச் சுற்றிவந்தால் அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். தம் அடியால் முதல் தளத்தையேனும் பிடிபடாமல் அடைந்தால் அதனை ‘ஹிட்’ என்று கணக்கிடுவர். நாம் அதனை நல்லடி என்று குறிப்போம். பந்து மிக விரைந்து வருவதால் நல்லடி அடிப்பது எளிதன்று. பத்து முறை முயன்று மூன்று முறை வெற்றி காண்பவரே தேர்ந்த ஆட்டக்காரராக மதிக்கப்படுகிறார். பத்தில் ஏழு முறை தோற்றாலும் தளராதவர்க்கே உரிய ஆட்டம் இது.

பிறப்பும் இளமையும்

கரீபியக் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு உள்ளது. நெடுங்காலம் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்த அத்தீவு 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கைக்கு மாறியது. மக்களின் மொழி ஸ்பானிய மொழி. அத்தீவில் கரோலினா என்னும் ஊரின் ஒரு பகுதியில் 1934ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் இராபர்ட்டோ பிறந்தார். பிள்ளைகள் எழுவரில் அவரே கடைக்குட்டி.

தந்தையார் மெல்கோர் கிளெமெண்ட்டே, கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். நம் தோட்டங்களில் கங்காணிமார் செய்துவந்த வேலையை ஒத்தது அது. தாயார் லூயிசா வாக்கர், துணி துவைத்தல் முதலிய வேலைகள் செய்து குடும்ப வருவாய்க்குத் துணை நின்றார். விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்லும் பெற்றோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உழைப்பின் அருமையை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சிறுவர் இராபர்ட்டோ, மிதிவண்டி வாங்குவதற்காகப் பால் பாத்திரங்களைச் சுமந்து காசு சேர்த்தார். அந்த மிதிவண்டிக்காக அவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உழைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

கடையில் விற்கும் பந்தும் மட்டையும் வாங்க வசதியில்லை. கொய்யா மரத்துக் கிளை மட்டையாயிற்று. துணிக் கந்தலைச் சுற்றி முடிந்தது பந்தாயிற்று. கையில் எப்பொழுதும் ஓர் இரப்பர் பந்தை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது இராபர்ட்டோவின் பழக்கம். கைக்கு வலுவூட்ட அவர் கண்ட வழி அது. உயர்நிலைப் பள்ளியில் ஈட்டி எறிதலிலும் சிறந்து விளங்கினார். நெடுந்தொலைவிலிருந்து குறி தப்பாது பந்தை எறியும் ஆற்றல் அவருக்குப் பின்னாளில் பெரும்புகழ் தந்தது. அதற்கு இவ்விளமைப் பயிற்சியே அடித்தளம்.

1947ஆம் ஆண்டில் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் அமெரிக்கப் பெருங்குழு ஆட்டத்தில் இடம்பெற்றார். நெடுங்காலம் வெள்ளையர்க்கு மட்டுமே திறந்திருந்த கதவு அன்று திறந்தது. அப்பொழுது இராபர்ட்டோவுக்கு வயது 12. கறுப்புத் தோலும் ஸ்பானிய மொழியும் உடைய ஏழைச் சிறுவர்க்கும் அவ்வழியே செல்ல இயலும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

ஆட்டக்களத்தில் நுழைவு

1952ஆம் ஆண்டில், 18 வயதில், சாந்துர்சே என்னும் உள்ளூர்க் குழுவில் அவர் சேர்ந்தார். வாரச் சம்பளம் 40 டாலர். அவரது ஆட்டத்தைக் கண்ட அமெரிக்கக் குழுக்கள் அவரைப் பெறப் போட்டியிட்டன. புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழு 10,000 டாலர் ஊக்கத்தொகை தருவதாகக் கூறியது. அவரும் இசைந்தார். அதன்பின் வேறொரு குழு மிகப் பெருந்தொகை தர முன்வந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்த இளைஞர்க்கு அஃது எத்தகைய சோதனை என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் முதலில் கொடுத்த வாக்கையே அவர் காத்தார்.

1954ஆம் ஆண்டில் டாட்ஜர்ஸ் குழுவினர் அவரைக் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இருந்த தம் கிளைக்குழுவுக்கு அனுப்பினர். அங்கு அவருக்கு ஆடும் வாய்ப்பு அருகியே கிடைத்தது. பெருந்தொகை பெற்ற இளம் வீரரைக் கிளைக்குழுவில் வைத்திருந்தால், ஆண்டிறுதியில் வேறு குழு அவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அக்கால விதி. பிறர் கண்ணில் படாதிருக்கவே அவரை ஒதுக்கி வைத்தனர் என்று பலரும் கருதினர். எனினும் மறைக்க இயலவில்லை. அவ்வாண்டில் கடைசி இடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழுவுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. 1954 நவம்பர் 22ஆம் நாள் அக்குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. 1955 ஏப்ரல் 17ஆம் நாள் முதல் ஆட்டம் ஆடிய அவர், இறுதிவரை 18 ஆண்டுகள் அந்த ஒரே குழுவுக்கே ஆடினார்.

அவமதிப்பும் தன்மானமும்

தொடக்க ஆண்டுகள் எளிதாக இல்லை. குழுவினர் பயிற்சிக்காகத் தென்மாநிலமாகிய புளோரிடாவுக்குச் செல்வர். அங்கு நிற வேற்றுமைச் சட்டங்கள் நடப்பில் இருந்தன. வெள்ளை வீரர்கள் உணவகத்தில் அமர்ந்து உண்பர். கறுப்பு வீரர்கள் பேருந்திலேயே காத்திருக்க, உணவு வெளியே கொண்டுவரப்படும். தங்குமிடமும் வேறு. தம் தீவில் இத்தகைய சட்டங்களைக் காணாத கிளெமெண்ட்டே இதனைக் கண்டு வெகுண்டார். அந்நிலையை ஏற்க மறுத்துக் குழு மேலாளர்களிடம் வாதாடி, கறுப்பு வீரர்கள் தனியே சென்றுவர வண்டி ஒன்று ஏற்பாடு செய்வித்தார்.

மொழியின் பெயராலும் இழிவு வந்தது. ஆங்கிலம் அவர்க்குப் பிற்காலத்தில் கற்ற மொழி. அவர் பேசிய ஆங்கிலத்தைச் செய்தியாளர்கள், ஒலிப்பிழை ஒன்றும் விடாமல், கேலி தோன்ற அச்சிட்டனர். அவர்தம் பெயரையும் மாற்றி ‘பாப்’ என்றும் ‘பாபி’ என்றும் எழுதினர். ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டைகளிலும் அப்பெயரே வந்தது. அவரோ தம் பெயர் இராபர்ட்டோ என்று சலியாமல் திருத்திவந்தார். பெற்றோர் இட்ட பெயரை விட்டுக்கொடுப்பது பெற்றோரையே விட்டுக்கொடுப்பதாகும் என்று அவர் கருதினார் போலும்.

உடலிலும் துன்பம் இருந்தது. பைரட்ஸ் குழுவில் சேர்ந்த குளிர்காலத்தில், குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவர் அவர் வண்டியை மோதினார். அதனால் முதுகெலும்பில் ஏற்பட்ட வலி வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை. வலி உண்டென்று அவர் சொன்னபோது, நோயைப் பாசாங்கு செய்கிறார் என்று எழுதினோரும் உண்டு. அவர் ஆடிய 2,433 ஆட்டங்கள் அப்பழிக்குத் தக்க விடையாகும்.

வெற்றிகள்

1960ஆம் ஆண்டில் பைரட்ஸ் குழு, வலிமை மிக்க நியூயார்க் யாங்கீஸ் குழுவை வென்று உலகத் தொடர்க் கோப்பையைப் பெற்றது. தொடரின் ஏழு ஆட்டங்களிலும் கிளெமெண்ட்டே நல்லடி அடித்தார். ஆயினும் அவ்வாண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தோர் அவருக்கு எட்டாம் இடமே கொடுத்தனர். அவர் மனம் மிக வருந்தினார். வருந்தியவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே ஆயிரத்துக்கு 351 என்னும் விழுக்காட்டில் நல்லடி அடித்துத் தம் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றார். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளிலும் அம்முதலிடம் அவருக்கே கிடைத்தது. 1966ஆம் ஆண்டில் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது. பந்தைத் தடுத்துப் பிடிப்பதில் வல்லவர்க்கு வழங்கப்படும் தங்கக் கையுறை விருதை 1961 முதல் 1972 வரை 12 ஆண்டுகள் தொடர்ந்து பெற்றார்.

1964 நவம்பரில் வேரா சபாலா என்னும் தம் ஊர்ப் பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஆண்மக்கள் மூவர். பிள்ளைகள் பிறந்த மண்ணை மறவாதிருக்க வேண்டும் என்று விரும்பியதால், மூவரும் போர்ட்டோ ரிக்கோவிலேயே பிறக்குமாறு பார்த்துக்கொண்டார்.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் அவர்களிடம் அவர் பெருமதிப்புக் கொண்டிருந்தார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் அடக்கம் செய்யப்படுமுன் ஆட்டக்காலத்தைத் தொடங்குதல் தகாது என்று கிளெமெண்ட்டேயும் பைரட்ஸ் வீரர்களும் உறுதியாக நின்றனர். வெள்ளை வீரர்களும் உடன் நின்றனர். அக்குழுவின் முதல் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

1971ஆம் ஆண்டின் உலகத் தொடரில் பால்டிமோர் ஓரியோல்ஸ் குழுவைப் பைரட்ஸ் எதிர்கொண்டது. கிளெமெண்ட்டேக்கு அப்பொழுது வயது 37. முதுமை நெருங்குகிறது என்று பலர் எண்ணிய வேளையில், ஏழு ஆட்டங்களில் 12 நல்லடிகள் அடித்தார். இரண்டுக்கு ஒன்று என்று முடிந்த இறுதி ஆட்டத்தில், பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பி ஓர் ஓட்டம் பெற்றுத் தந்தார். தொடரின் சிறந்த வீரர் அவரே.

வெற்றிக்குப் பின் நடந்ததை மாணவர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். அமெரிக்க நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. பேச அழைக்கப்பட்ட கிளெமெண்ட்டே, முதலில் தம் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் பேச இசைவு கேட்டார். தம் வாழ்வின் பெருநாளாகிய அன்று, ஊரில் இருந்த தந்தையாரிடமும் தாயாரிடமும் அம்மொழியில் வாழ்த்து வேண்டினார். கரும்புக் காட்டில் உழைத்த முதியவர் இருவர், தம் மகன் தம் மொழியில் உலகறியப் பேசியதைக் கேட்டனர். கேலி செய்தோர்க்கு அவர் வசைமொழி எதுவும் கூறவில்லை. தாய்மொழியை அவைநடுவே நிமிர்ந்து பேசினார். அதுவே போதுமானதாயிற்று.

1972 செப்டம்பர் 30ஆம் நாள், நியூயார்க் மெட்ஸ் குழுவுக்கு எதிராக அவர் தம் 3,000ஆவது நல்லடியை அடித்தார். அவருக்கு முன் பத்துப் பேரே அவ்வெண்ணை எட்டியிருந்தனர். இலத்தீன் அமெரிக்க நாட்டினர்களுள் அவரே முதல்வர். அந்த ஆட்டக்காலத்தின் எஞ்சிய முறை ஆட்டங்களில் அவர் மீண்டும் மட்டை பிடிக்கவில்லை. அதுவே கணக்கில் சேர்ந்த கடைசி நல்லடியாகும் என்பதை அன்று யார் அறிவார்?

இறுதிப் பயணம்

அவ்வாண்டின் இறுதியில், தொழில்முறை சாராத போர்ட்டோ ரிக்கோ இளைஞர் குழுவுக்குப் பொறுப்பேற்று, நிக்கராகுவா நாட்டின் தலைநகராகிய மனாகுவாவுக்குச் சென்றிருந்தார். அந்நகர மக்களோடு அன்புடன் பழகித் திரும்பினார். சில நாள்களே கழிந்தன. 1972 டிசம்பர் 23ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில் மனாகுவாவைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது.

கிளெமெண்ட்டே உடனே நிவாரணக் குழுவின் தலைமையை ஏற்றார். வானொலி, தொலைக்காட்சி வாயிலாக மக்களை வேண்டினார். உணவும் உடையும் மருந்தும் பணமும் குவிந்தன. கிறிஸ்துமஸ் பண்டிகையையும் பாராமல் இரவும் பகலும் உழைத்துப் பொருள்களை அனுப்பினார். ஆனால் அங்கிருந்து வந்த செய்தி நெஞ்சைச் சுட்டது. சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் நிவாரணப் பொருள்களைக் கைப்பற்றிக்கொள்வதாகவும், வாடுவோர்க்கு அவை சேரவில்லை என்றும் சொல்லப்பட்டது. அனுப்பியதோடு நம் கடமை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். பலரும் அவ்வாறே இருந்திருப்பர். அவரோ, தாமே உடன் சென்றால் தம் முகத்தைப் பார்த்தேனும் பொருள்களை உரியவரிடம் சேர்ப்பர் என்று துணிந்தார்.

டிசம்பர் 31ஆம் நாள் இரவு, புத்தாண்டு பிறக்க மூன்று மணி நேரமே இருந்தது. சான் ஹுவான் நகரிலிருந்து ஒரு பழைய சரக்கு விமானம் புறப்பட்டது. அதில் ஐவர் இருந்தனர். அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட சுமையின் எடை மட்டும் 4,000 இராத்தலுக்கு மேல். புறப்பட்ட சிறிது நேரத்தில் இயந்திரம் பழுதுற்று விமானம் கடலில் வீழ்ந்தது. ஐவரும் மாண்டனர். பல நாள் தேடியும் கிளெமெண்ட்டேயின் உடல் கிடைக்கவில்லை. அவர் நண்பரும் உடனாட்டக்காரருமான மேனி சங்கியென், நினைவு வழிபாட்டுக்குச் செல்லாமல், கடலில் மூழ்கித் தேடுவோருடன் சேர்ந்து தாமும் மூழ்கித் தேடினார்.

இங்கே ஒன்றைக் கூறாமல் செல்ல இயலாது. அந்த விமானத்தைப் பொறுப்பற்ற முறையில் பேணியதும், மிகையாகச் சுமை ஏற்றியதும் ஐந்து உயிர்களைக் குடித்தன. நல்ல செயலாயினும் பாதுகாப்பு விதிகளை மீறினால் பேரிழப்பே விளையும். லாரியில் ஏறி வேலைக்குச் செல்லும் நம் மக்கள் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

மறைவுக்குப் பின்

பேஸ்பால் புகழ்மண்டபத்தில் ஒருவரைச் சேர்க்க, அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும் என்பது விதி. கிளெமெண்ட்டேக்காக அவ்விதி தளர்த்தப்பட்டது. 1973ஆம் ஆண்டில் நடந்த சிறப்பு வாக்கெடுப்பில் 424 பேரில் 393 பேர் அவருக்கு வாக்களித்தனர். இலத்தீன் அமெரிக்க வீரர்களுள் அம்மண்டபத்தில் முதலில் இடம்பெற்றவர் அவரே. அவர் அணிந்த 21ஆம் எண்ணைப் பைரட்ஸ் குழு வேறு எவர்க்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. ஆட்டத்திறனோடு சமுதாயத் தொண்டிலும் சிறந்த வீரர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது அவர் பெயரைத் தாங்குகிறது. ஏழைச் சிறுவர்க்கு விளையாட்டு நகரம் ஒன்று அமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. அவர் மறைந்தபின், துணைவியார் வேரா அப்பணியை மேற்கொண்டு கரோலினாவில் அதனை உருவாக்கினார்.

புகழ்மண்டபத்தில் அவருக்கு வைத்த பட்டயத்திலும் பெயர் பிழையாக அமைந்தது. ஸ்பானிய மரபில் தந்தையின் குடும்பப் பெயர் முன்னும், தாயின் குடும்பப் பெயர் பின்னும் வரவேண்டும். பட்டயத்தில் அவ்வரிசை மாறியிருந்தது. 2000ஆம் ஆண்டில் பழைய பட்டயத்தை நீக்கி, இராபர்ட்டோ கிளெமெண்ட்டே வாக்கர் என்று சரியாகப் பொறித்த புதிய பட்டயத்தை வைத்தனர். தந்தை பெயரும் தாய் பெயரும் தத்தம் இடத்தில் அமைய, அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மாணவமணிகளே! தம் பெயரைச் சிதைக்க விடாத உறுதியும், ஏழைக்குச் சேரவேண்டிய பொருளைச் சிதறவிடாத உறுதியும் ஒன்றே என்பதை இவ்வரலாற்றால் அறிகிறோம். தம்மைச் சிறியவராக எண்ணாதவர் பிறரையும் சிறியவராக எண்ணமாட்டார். உங்கள் பெற்றோர் விடியுமுன் எழுந்து உழைக்கின்றனர். அவர்கள் இட்ட பெயரையும் பேசும் மொழியையும் எங்குச் சென்றாலும் நாணமின்றிச் சொல்லுங்கள். கொடுத்த வாக்கைக் காத்திடுங்கள். உயர்ந்தபின், உங்களைப் போன்ற எளியோர்க்குக் கை கொடுங்கள். பெற்றோர்களே, தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு எல்லை இதுவே என்று எவர் கூறினும் நம்பாதீர்கள். கரும்பு வெட்டுவோரிடையே வளர்ந்த பிள்ளை எட்டிய உயரத்தை ஈங்குக் கண்டோம்.

வாழ்க இராபர்ட்டோ கிளெமெண்ட்டேயின் புகழ்!